தெற்கிலிருந்து தொடங்குங்கள்: எகிப்தைக் குடும்பத்தோடு ரசிப்பது எப்படி?

எகிப்துக்குக் குடும்பத்தோடு போகிறவர்களில் பெரும்பாலோர் கெய்ரோவில் இறங்கி, மறுநாளே கீசா பிரமிடுகளின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, அருங்காட்சியகத்தை ஒரே மூச்சில் சுற்றிவிட்டு, அதன் பிறகுதான் தெற்கே போகிறார்கள். அதற்குள் பிள்ளைகளுக்கு அலுத்துவிடுகிறது. பெரியவர்களுக்கு முழங்கால் வலி வந்துவிடுகிறது. என் யோசனை இதற்கு நேர்மாறானது. கெய்ரோவில் விமானம் மாறி நேரே அஸ்வானுக்குப் போய்விடுங்கள். அங்கிருந்து இன்னும் தெற்கே, சூடான் எல்லையை ஒட்டிய அபு சிம்பல் வரை போய்விட்டு, நைல் ஓடும் திசையிலேயே வடக்கே வாருங்கள். கெய்ரோ கடைசியில் இருக்கட்டும்.

எகிப்து ஆப்பிரிக்காவில் இருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். ஆனால் பயணத்தில் அது யாருக்கும் நினைவில் இருப்பதில்லை; ஏதோ தனியாக மிதக்கும் ஒரு பழங்கால நாடு போலத்தான் அதைப் பார்த்துவிட்டு வருகிறோம். நைல் ஆப்பிரிக்காவின் உள்நாட்டிலிருந்து புறப்பட்டு வடக்கே மத்தியதரைக் கடலில் போய் விழுகிறது. எகிப்தை வளப்படுத்திய வண்டல் எத்தியோப்பிய மலைகளில் பெய்த மழை அரித்துக்கொண்டு வந்தது. பழைய எகிப்தியர் தெற்கு நோக்கி நின்றே திசை சொன்னார்கள்: வலக்கைப் பக்கம் மேற்கு, இடக்கைப் பக்கம் கிழக்கு. பொன், யானைத் தந்தம், கருங்காலி, சிறுத்தைத் தோல், சாம்பிராணி என்று கோயிலுக்கும் அரண்மனைக்கும் வேண்டிய அருமையான பொருள்கள் எல்லாம் தெற்கிலிருந்துதான் வந்தன. அந்த மக்கள் பார்த்த பக்கத்திலிருந்தே நாமும் பார்க்கத் தொடங்கினால், பிறகு வரும் ஒவ்வொரு கோயிலும் கூடுதலாகப் பேசும்.

சொகுசுப் பயணம் என்று திட்டமிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பணத்தைப் பளிங்குக் குளியலறைக்குக் கொடுக்காதீர்கள். நேரத்துக்கும் அமைதிக்கும் கொடுங்கள். லக்சருக்கும் அஸ்வானுக்கும் இடையே நூறு பேருக்கு மேல் ஏற்றிச் செல்லும் மாடிக் கப்பல்கள் வரிசையாக ஓடுகின்றன. அவை எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே கோயிலில் ஆட்களை இறக்கிவிடும். அதற்குப் பதில் தஹபியா என்னும் இரட்டைப் பாய்மரப் படகை எடுங்கள். அறைகள் கொஞ்சம்தான், தாத்தா பாட்டி, சித்தப்பா குடும்பம் என்று சேர்ந்து போனால் படகு முழுவதையும் நீங்களே எடுத்துக்கொள்ளலாம். பெரிய கப்பல்கள் நிற்காத இடங்களில் அது கரை ஒதுங்கும். ஒன்று மட்டும் தெரிந்திருக்கட்டும்: நைலில் காற்று பெரும்பாலும் வடக்கிலிருந்து வீசுகிறது. வடக்கே வரும்போது நீரோட்டம் துணை செய்தாலும் காற்று எதிரே நிற்கும். இழுவைப் படகு இழுக்கும் நேரம்தான் அதிகம். சித்திர எழுத்திலேயே இது பதிந்திருக்கிறது. தெற்கே போவதைக் குறிக்கப் பாய் விரித்த படகு, வடக்கே போவதைக் குறிக்கப் பாய் இறக்கிய படகு. கோயில் சுவர்களில் இந்த இரண்டு படகுகளையும் கண்டுபிடிக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

அடுத்து, நல்ல வழிகாட்டி. எகிப்தில் உரிமம் பெற்ற வழிகாட்டிகள் பலர் தொல்லியல் படித்தவர்கள். அவர்களிடம் அரசர்களின் வரிசையைச் சொல்லச் சொல்லாதீர்கள்; அதைப் புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம். "இந்தச் சுவரில் எது கொத்தி அழிக்கப்பட்டிருக்கிறது, யார் அழித்தார்கள்?" என்று கேளுங்கள். தொழிலில் ஈடுபாடு உள்ள வழிகாட்டிக்கு அந்த ஒரு கேள்வி போதும். பிறகு அவரே உங்களை விடமாட்டார்.

அபு சிம்பலுக்கு அஸ்வானிலிருந்து விடியுமுன்பே கிளம்பி, முற்பகலிலேயே திரும்பிவிடுவது வழக்கம். சுமார் 280 கிலோமீட்டர் பாலைவனச் சாலை. குழந்தைகளை இப்படி இழுத்துக்கொண்டு போவதைவிட அங்கேயே ஓர் இரவு தங்குவது நல்லது. கூட்டம் திரும்பிப் போன பிறகு, மாலையில் அந்த மலை முகப்பின் முன்னால் உட்காருங்கள். அரசன் இரண்டாம் ராம்செஸின் நான்கு உருவங்கள், ஒவ்வொன்றும் சுமார் 20 மீட்டர் உயரம். எல்லோரும் அவற்றின் முகத்தையே பார்ப்பார்கள். நீங்கள் முதலில் உச்சியைப் பாருங்கள்: கைகளை உயர்த்திச் சூரியனை வரவேற்கும் குரங்குகளின் வரிசை ஒன்று இருக்கிறது. அதன் பிறகு அடிப்பீடத்துக்கு வாருங்கள். வாசலின் ஒரு பக்கம் கயிற்றால் கட்டுண்ட ஆப்பிரிக்கக் கைதிகள், மறுபக்கம் கட்டுண்ட ஆசியக் கைதிகள். தெற்குப் பக்கத்தில் தெற்கத்தி மக்கள், வடக்குப் பக்கத்தில் வடக்கத்தி மக்கள். அந்தத் தெற்கத்தி மக்கள் வாழ்ந்த நூபியாவின் நடுவே இந்தக் கோயிலை எதற்காகக் குடைந்தார்கள் என்பதற்கு அந்தப் பீடமே பதில் சொல்லிவிடுகிறது. ஆற்றில் படகில் வருகிற நூபியர் இதைப் பார்க்க வேண்டும், அஞ்ச வேண்டும்.

இடமிருந்து இரண்டாவது உருவத்தின் மேற்பாதி உடைந்து காலடியில் கிடக்கிறது. பழங்காலத்திலேயே விழுந்தது. 1964 முதல் 1968 வரை கோயிலைத் துண்டு துண்டாக அறுத்து, ஏறக்குறைய 65 மீட்டர் மேலே கொண்டுபோய் மறுபடி கட்டியபோது, விழுந்த தலையையும் விழுந்த நிலையிலேயே வைத்தார்கள். எனக்கு இந்த முடிவின் மேல் பெரிய மரியாதை உண்டு. உடைந்ததை ஒட்டவைத்துவிடலாம் என்ற ஆசையை அடக்கிக்கொண்ட பொறியாளர்கள் அவர்கள். உருவங்களின் மேல் அறுத்த கோடுகளைத் தேடிப் பாருங்கள்; கண் பழகினால் தெரியும். கால்களில் கிரேக்க எழுத்தில் சில கிறுக்கல்களும் உண்டு: கி.மு. 6-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நூபியாவின் மேல் படையெடுத்துப் போன கூலிப்படை வீரர்கள் விட்டுச் சென்றவை. அவர்கள் காலத்திலேயே இந்தக் கோயில் அறுநூறு ஆண்டுப் பழையது.

பக்கத்திலேயே அரசி நெஃபர்தாரியின் கோயில். முகப்பில் அரசியின் உருவமும் அரசன் உருவத்தின் உயரத்துக்கே நிற்கிறது. எகிப்தியக் கலையில் உயரம்தான் தகுதி. மனைவியும் மக்களும் பெரும்பாலும் அரசனின் முழங்கால் அளவில்தான் நிற்பார்கள். இந்த ஒரு விதியைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டால், பிறகு எந்தச் சுவரையும் அவர்களே படித்துவிடுவார்கள்: யார் பெரிது, யார் சிறிது, யார் கையில் என்ன இருக்கிறது?

அந்தக் கோயில்களை ஏன் தூக்கினார்கள் என்பதைச் சொல்லாமல் அஸ்வானைக் கடக்கக் கூடாது. அஸ்வான் உயர் அணையின் நீரில் அவை மூழ்க இருந்தன. யுனெஸ்கோ 1960-இல் குரல் கொடுக்க, உலகமே உதவிக்கு வந்தது. அதே நீர் நூபியர்களின் ஊர்களையும் மூழ்கடித்தது. 1963-64-இல் எகிப்தில் மட்டும் சுமார் 50,000 நூபியர் ஆற்றங்கரையையும் பேரீச்சந் தோப்புகளையும் விட்டு, கோம் ஓம்போவுக்கு அருகே உள்ள குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டார்கள். கற்கள் நீர் விளிம்பிலேயே மறுபடி நிற்கின்றன. மக்கள் ஆற்றை விட்டு விலக்கி வைக்கப்பட்டார்கள். இது மனதில் இருந்தால்தான் அஸ்வானில் நூபியர் வீட்டுக்குள் காலடி வைக்கும்போது சரியான பணிவு வரும். ஹம்ஸா எல் தின் என்ற நூபிய இசைக் கலைஞரின் ஊத் என்னும் நரம்பு வாத்திய வாசிப்பைப் போவதற்கு முன் வீட்டில் எல்லோருமாக ஒரு மாலை கேளுங்கள். அவர் பிறந்த தோஷ்காவும் நீருக்குள் போன ஊர்தான்.

அஸ்வானுக்கு எதிர்க்கரையில் உள்ள கர்ப் சுஹைல் போன்ற ஊர்களில் நூபியர் வீடுகள் விருந்தினர்களுக்குத் திறந்திருக்கின்றன. நீலமும் மஞ்சளும் பூசிய சுவர்கள், மணல் பரப்பிய முற்றம். சில வீடுகளில் தொட்டியில் முதலைக் குட்டியை வைத்திருப்பார்கள். கையில் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். அதற்குப் பணம் கொடுக்காதீர்கள். கர்கதே கேட்டுக் குடியுங்கள். நம் புளிச்சகீரையின் இனத்தைச் சேர்ந்த செடியின் சிவந்த புல்லிதழில் காய்ச்சும் பானம் அது. சூடாகவும் தருவார்கள், குளிர வைத்தும் தருவார்கள். வெயிலில் புளிக்க வைத்துச் சுடும் ஷம்ஸி ரொட்டி கிடைத்தால் விடாதீர்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் எகிப்தில் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. மொச்சை இனத்துப் பயற்றை மசித்த ஃபூல், அதையே அரைத்துப் பொரித்த தாமியா, சோறும் பருப்பும் மக்ரோனியும் கலந்த கோஷரி எல்லாம் தெருக்கடையிலேயே கிடைக்கும்.

அஸ்வானில் எதை விட்டாலும் இரண்டு இடங்களை விடாதீர்கள். ஒன்று, 1997-இல் திறந்த நூபிய அருங்காட்சியகம். நூபியாவின் வரலாறு வரிசையாக அங்கே இருக்கிறது. சூடானின் மெரோயேயில் இருநூறுக்கும் மேற்பட்ட பிரமிடுகள் உண்டு. 2023 ஏப்ரலில் தொடங்கிய போரால் இப்போது அங்கே போக முடியாது. அந்த மண்ணை ஆண்ட குஷ் நாட்டு அரசர்களை அருகில் பார்க்க இந்த அருங்காட்சியகம் நல்ல வழி. அங்குள்ள உருவங்களின் நெற்றியைக் கவனியுங்கள். எகிப்திய அரசர்களுக்கு வழக்கமாக ஒரு நாகம். குஷ் அரசர்களுக்கு இரண்டு.

இரண்டாவது, ஒபெலிஸ்க் என்னும் கூர்நுனித் தூண் ஒன்று முடிக்கப்படாமல் கிடக்கும் கல்குவாரி. ஏறக்குறைய 42 மீட்டர் நீளம், ஆயிரம் டன்னுக்கு மேல் எடை வந்திருக்கும் ஒற்றைக்கல். செதுக்கும்போதே விரிசல் விட்டதால் தாய்ப்பாறையோடு ஒட்டியபடி கைவிட்டார்கள். அதைச் சுற்றியுள்ள பள்ளத்தில் இறங்கி நிற்கும் இடத்தில் பாறைச் சுவரைப் பாருங்கள்: வரிசை வரிசையாகக் குழிகள், தயிரைக் கரண்டியால் வழித்தது போல. டோலரைட் என்ற கடினக் கல்லுருண்டையை இரு கையாலும் பிடித்து, கிரானைட்டை இடித்து இடித்துப் பொடியாக்கிய தடம் அது. ஒவ்வோர் அகலமும் ஓர் ஆள் உட்கார்ந்து வேலை செய்த இடம். எத்தனை பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள் என்று பிள்ளைகள் எண்ணிவிடுவார்கள்.

ஃபிலே கோயிலுக்குப் படகில்தான் போக வேண்டும். அதுவும் இடம் மாற்றிக் கட்டியதுதான். ஹேட்ரியன் வாயிலில் ஒரு சிறிய எழுத்துப் பொறிப்பு இருக்கிறது. வழிகாட்டியிடம் கேட்டால் காட்டுவார். நமக்குத் தெரிந்த வரையில் எகிப்தியச் சித்திர எழுத்தில் கடைசியாகச் செதுக்கியது அது, தேதி கி.பி. 394 ஆகஸ்ட் 24. மூவாயிரம் ஆண்டுக்கு மேல் வாழ்ந்த எழுத்து அந்தச் சுவரில் முடிகிறது. அதைச் செதுக்கிய பூசாரி யார் பக்கத்தில் செதுக்கினார் என்று பாருங்கள். மண்டுலிஸ், நூபியர்களின் தெய்வம். வடக்கே கோயில்கள் மூடப்பட்ட பிறகும் ஃபிலேயை உயிரோடு வைத்திருந்தவர்கள் தெற்கிலிருந்து வழிபட வந்தவர்கள்தான். 6-ஆம் நூற்றாண்டில் கோயில் தேவாலயமானபோது தெய்வ உருவங்களைக் கொத்தினார்கள், சிலுவைகளைச் செதுக்கினார்கள். அவையும் வரலாறுதான், முகம் சுளிக்காமல் பாருங்கள்.

படகு ஏறிய பிறகு வேகத்தைக் குறைத்துவிடுங்கள். காலை ஆறு முதல் பத்து வரை பார்ப்பது, பிறகு படகில் படுத்திருப்பது, மாலையில் மறுபடி ஒரு மணி நேரம். இது முதியவர்களுக்காக மட்டும் சொல்வதல்ல. புடைப்புச் சிற்பங்களுக்குச் சாய்ந்த வெயில் வேண்டும். உச்சி வெயிலில் சுவர் தட்டையாகிவிடும். எந்தக் கோடும் நிழல் தராது.

கோம் ஓம்போவில் முதலை மம்மிகளைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடலாம். எட்ஃபுவில் நில்லுங்கள். கி.மு. 237-இல் தொடங்கிக் கிரேக்க வம்ச அரசர்கள் கட்டியது. கூரையோடு ஏறக்குறைய முழுதாக நிற்கிறது. மதில் சுவரின் உட்பக்கம், படகில் நின்று ஹோரஸ் தெய்வம் ஈட்டி எறிகிறார். இலக்கு நீர்யானை வடிவில் வந்த சேத், பகைத் தெய்வம். அவ்வளவு பெரிய மிருகத்தை நாய்க்குட்டி அளவுக்குத்தான் செதுக்கியிருக்கிறார்கள். வரைந்தது உயிர் பெறும் என்று நம்பிய மக்கள் அவர்கள். தீமையைக் கோயிலுக்குள் பெரிதாக வரைந்துவைக்க எந்தச் சிற்பி துணிவான்? இதைக் குழந்தைகளே கண்டுபிடிக்கும்படி விட்டுவிடுங்கள். "நீர்யானை எங்கே?" என்று மட்டும் கேளுங்கள்.

ஜெபல் சில்சிலாவில் தஹபியா நின்றால் இறங்கிப் பாருங்கள். கர்னாக்குக்கும் மற்ற பெரிய கோயில்களுக்கும் மணற்கல் கொடுத்த குவாரி அது.

லக்சரில் மூன்று நாளாவது இருக்க வேண்டும். கர்னாக் கோயிலுக்குக் காலையில் கதவு திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். முதல் முற்றத்தில் எல்லோரும் அவசரமாகத் தாண்டிப்போகும் ஒற்றைத் தூண் ஒன்று இருக்கிறது. ஏறக்குறைய 20 மீட்டர் உயரம். அங்கே இருந்த பத்துத் தூண்களில் இது ஒன்றுதான் முழுதாக நிற்கிறது. கட்டியவன் தஹார்கா, கி.மு. 690 முதல் 664 வரை ஆண்ட குஷ் நாட்டு அரசன். அபு சிம்பலின் பீடத்தில் கட்டுண்டு கிடந்தவர்களின் மண்ணிலிருந்து வந்தவன், ஐந்நூறு ஆண்டு கழித்து எகிப்தின் தலைமைக் கோயிலில் தூண் நிறுத்துகிறான். தெற்கிலிருந்து பயணத்தைத் தொடங்கச் சொன்னது இந்தத் தூணுக்காகத்தான். அவனுக்கு முன் எகிப்தை வென்ற பியே அரசனின் வெற்றிக் கல்வெட்டு ஒன்று உண்டு. தோற்ற அரசனின் லாயத்துக்குள் போன பியே, குதிரைகள் பட்டினியால் வாடியதைக் கண்டு கொதித்துப்போனதாக அது சொல்கிறது. அந்தக் கதையைத் தூணடியிலேயே சொல்லுங்கள். குதிரை பிடித்த பிள்ளை எதுவும் அந்த அரசனை மறக்காது.

அடுத்து 134 தூண்கள் நிற்கும் மண்டபம். நடுவில் உள்ள 12 தூண்கள் உயரமானவை. அவற்றின் தலையில் பப்பைரஸ் மலர் விரிந்திருக்கும். சுற்றியுள்ள 122 தூண்களின் தலையில் அதே மலர் மொட்டாக இருக்கும். மேல்சாளரங்கள் வழியே வெளிச்சம் விழுந்தது நடுவில். வெயில் பட்ட பூ மலர்ந்திருக்கிறது, நிழலில் உள்ளது கூம்பியிருக்கிறது. வடக்குப் பாதிச் சுவர்களில் சேத்தி அரசனின் சிற்பங்கள் மெல்லப் புடைத்து நிற்கும். தெற்குப் பாதியில் அவன் மகன் இரண்டாம் ராம்செஸ் சுவரைக் குடைந்து ஆழமாகச் செதுக்கினான். தந்தையின் வேலையில் நுணுக்கம். மகனின் வேலையில் வேகமும், யாரும் அழித்துவிட முடியாத ஆழமும். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் கண்ணே ஒப்பிட்டுக்கொள்ளும்.

மேற்குக் கரையில் ஹாட்ஷெப்சுட் அரசியின் கோயில். கி.மு. 15-ஆம் நூற்றாண்டில் அவள் செங்கடல் வழியாகப் புன்ட் நாட்டுக்குக் கப்பல்கள் அனுப்பிய கதை நடுத் தளத்தின் தெற்குப் பக்கச் சுவரில் இருக்கிறது. புன்ட் ஆப்பிரிக்கக் கொம்பின் பக்கம் இருந்திருக்க வேண்டும் என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. கம்பங்களின் மேல் நிற்கும் குடிசைகள், ஏணி வைத்து ஏறும் வாசல்கள், வேரோடு கூடையில் வைத்துத் தூக்கிவரும் சாம்பிராணி மரங்கள், கப்பலின் கயிறுகளில் ஏறும் குரங்குகள். கப்பலுக்கு அடியில் உள்ள மீன்களைத் தவறாமல் பாருங்கள். ஒவ்வொன்றும் இன்ன இனம் என்று சொல்லும்படி செதுக்கியிருக்கிறார்கள். நைல் மீன்கள் அல்ல, கடல் மீன்கள். கப்பலில் கூடவே போனவர் யாரோ வரைந்துகொண்டு வந்திருக்க வேண்டும் என்றுதான் தோன்றுகிறது. அரசியின் உருவங்கள் பல இடங்களில் ஆளின் வடிவத்திலேயே கொத்தி எடுக்கப்பட்டிருக்கின்றன. அடுத்து ஆண்ட மூன்றாம் துத்மோஸ் காலத்து வேலை அது.

ராஜாக்களின் பள்ளத்தாக்கில் சாதாரணச் சீட்டுக்கு மூன்று கல்லறைகள் பார்க்கலாம். சேத்தி, துட்டன்காமன் போன்றோரின் கல்லறைகளுக்குத் தனிக் கட்டணம். படி இறங்க முடியாத பெரியவர்களுக்கு நான்காம் ராம்செஸின் கல்லறை நல்லது, சரிவு மெதுவானது. உள்ளே வழிகாட்டிகள் நின்று விளக்கம் சொல்ல அனுமதி இல்லை. ஆகவே வெளியே நிழலில் உட்கார்ந்து கதையைக் கேட்டுவிட்டு, உள்ளே பேசாமல் பாருங்கள். ஆறாம் ராம்செஸின் கல்லறைக் கூரையில் வான தேவி நூத் நீளமாகப் படுத்திருக்கிறாள். மாலையில் சூரியனை விழுங்குகிறாள், இரவெல்லாம் அது அவள் உடலுக்குள் பயணம் செய்கிறது, காலையில் பெற்றெடுக்கிறாள்.

அரசர்களோடு நிறுத்திவிடாதீர்கள். அமைச்சர் ரெக்மிரேயின் கல்லறையில் தெற்கத்தி மக்கள் திறை கொண்டுவரும் காட்சியில் ஓர் ஒட்டகச்சிவிங்கி நடந்து வருகிறது. அதன் கழுத்தைப் பற்றி ஒரு குரங்கு ஏறிக்கொண்டிருக்கிறது. தேர் எல் மதீனா, அரசர்களின் கல்லறைகளைச் செதுக்கிய தொழிலாளிகள் வாழ்ந்த ஊர். மூன்றாம் ராம்செஸ் காலத்தில் கூலித் தானியம் வராமல் போனபோது அவர்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கோயில் வாசலில் போய் உட்கார்ந்தார்கள். பதிவான முதல் வேலைநிறுத்தம் அதுவே. அங்கே சென்னெஜெம் என்ற தொழிலாளியின் சிறிய கல்லறை அறை. அவரும் மனைவியும் வெள்ளை உடையில் கதிர் அறுக்கிறார்கள். வண்ணம் நேற்று பூசியது போல இருக்கிறது. அரசர்களின் எந்தக் கல்லறையை விடவும் எனக்கு இது நெருக்கமானது.

லக்சருக்குச் சற்று வடக்கே உள்ள கிஃப்த் ஊரையும் பிள்ளைகளுக்கு வரைபடத்தில் காட்டுங்கள். ரோமர் காலத்தில் செங்கடல் துறைமுகங்களில் இறங்கிய மிளகு, ஒட்டகங்களில் பாலைவனம் கடந்து இங்கேதான் ஆற்றை அடைந்தது. அந்தத் துறைமுகங்களில் தமிழ் பிராமி பொறித்த பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. குஸெய்ர் அல் கதீமில் கணன், சாதன் என்ற பெயர்கள். பெரெனிகேயில் ஏழரைக் கிலோ மிளகு இந்தியச் சாடியோடு கிடைத்தது.

கெய்ரோவுக்கு வரும்போது குடும்பத்தில் எல்லோருக்கும் கண் பழகியிருக்கும். 2025 நவம்பரில் முழுமையாகத் திறந்த கிராண்ட் எகிப்திய அருங்காட்சியகத்தில் துட்டன்காமனின் பொருள்கள் ஐயாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. எல்லாவற்றையும் பார்க்க முயல வேண்டாம். தந்தம் பதித்த கருங்காலி நாற்காலியைத் தேடுங்கள்: சுமார் ஒன்பது வயதில் அரியணை ஏறிய பையனின் அளவுக்குச் செய்த சிறிய நாற்காலி. மரமும் தெற்கிலிருந்து வந்தது, தந்தமும் தெற்கிலிருந்து வந்தது. பிறகு அவன் செருப்புகளைப் பாருங்கள். கால் வைக்கும் இடத்தில் ஒரு நூபியனும் ஓர் ஆசியனும் கட்டுண்டு கிடப்பதாக வரைந்திருக்கும். அபு சிம்பல் பீடத்தில் பார்த்தவர்கள்தான் என்று பிள்ளைகளே சொல்வார்கள்.

பிரமிடுகளைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கூஃபுவின் பெரிய பிரமிடுக்குள் அரசன் அறை முழுவதும் கிரானைட். அஸ்வானிலிருந்து ஏறக்குறைய 800 கிலோமீட்டர் ஆற்றில் வந்த கல். கல்லுருண்டையால் இடித்த குழிகளைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு அந்தக் கூரைப் பாளங்களின் எடை புரியும். உள்ளே போகத் தனிச் சீட்டு வாங்க வேண்டும். பாதை தாழ்வானது, செங்குத்தானது, காற்றோட்டம் குறைவு. மூச்சுத் திணறல் உள்ளவர்களும் முழங்கால் வலி உள்ளவர்களும் வெளியே இருந்துகொள்வது நல்லது. மற்றவர்கள் காலையில் முதல் ஆளாக உள்ளே போய்விடுங்கள்.